ஓ.டி. மேற்படிப்புக்கு அமெரிக்கா போகிறீர்களா? விண்ணப்பத்துக்கு முன் பார்க்க வேண்டிய ஒரு சொல்

பக்கவாதம் வந்து சில வாரங்கள் கழித்து ஒருவர் வீடு திரும்புகிறார். நடக்க முடிகிறது. வலது கையைத் தோள்வரை தூக்கவும் முடிகிறது. ஆனால் தட்டின் முன் உட்கார்ந்தால் சோற்றில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து, உருட்டி, வாய்க்குக் கொண்டுபோக விரல்கள் ஒத்துழைக்க மறுக்கின்றன. மனைவி ஸ்பூனால் ஊட்டிவிடுகிறார். "அதான் நல்லா நடக்கிறாரே, அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள் பார்க்க வந்தவர்கள். அவருக்கு வேண்டியது அந்த ஒரு கவளம், தன் கையாலேயே.

அந்தக் கவளம் வரைக்கும் கூடவே வருவதுதான் ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் வேலை. சட்டைப் பொத்தான் போடுவது, பேனா பிடிப்பது, பஸ் ஏறுவது, ஆட்டிசம் உள்ள குழந்தை வகுப்பில் 20 நிமிடம் உட்காருவது, மனநலச் சிகிச்சைக்குப் பின் ஒருவர் மறுபடி வேலைக்குப் போவது எல்லாமே இதில் அடங்கும். 'ஆக்குபேஷன்' என்றால் இங்கே உத்தியோகம் இல்லை. ஒரு மனிதர் தன் நாளை நிரப்பும் எல்லாச் செயல்களும். இதைப் படிக்கும் மாணவர்கள் வாழ்நாள் முழுக்க இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒன்று, "இது பிசியோவா?" இன்னொன்று, ஆஸ்பத்திரியில் "நான் ஓ.டி." என்றதும் ஆபரேஷன் தியேட்டருக்கு வழி காட்டப்படுவது.

1917-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஒரு சிறு குழு கூடிச் சங்கம் அமைத்ததை இத்துறையின் முறையான தொடக்கமாகச் சொல்வார்கள். இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் பிறந்து மும்பையில் வாழ்ந்த கமலா நிம்ப்கர். 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அவர் தொடங்கிய பள்ளிதான் இங்கே முதல் விதை. 1952-ல் உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் கூட்டமைப்பு உருவானபோது அதன் நிறுவன உறுப்பு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இந்தக் கூட்டமைப்பின் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் விசா வரைக்கும் இந்தப் பெயர் துரத்தி வரும்.

தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி., காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., கோவை கே.எம்.சி.எச்., முட்டுக்காடு தேசிய நிறுவனம் எனப் பல இடங்களில் பி.ஓ.டி. படிப்பு இருக்கிறது. நான்கு ஆண்டுப் பாடம், கூடவே பயிற்சிக் காலம். முடித்ததும் வரும் கேள்வி, "அடுத்து என்ன? எம்.ஓ.டி.யா, வெளிநாடா?" இப்போது சைக்காலஜி, பயாலஜி, ஏன் இன்ஜினியரிங் படித்தவர்களும் "ஓ.டி.க்கு மாறலாமா?" என்று கேட்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் அமெரிக்கா வேறு வேறு கதவுகளை வைத்திருக்கிறது. தவறான கதவைத் தட்டினால் பணமும் இரண்டு வருடமும் போகும். கையில் ஒரு டிகிரி இருக்கும். நோயாளியைத் தொட உரிமம் இருக்காது.

ஒரு சொல், இரண்டு கதவு

பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் 'மாஸ்டர் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி', 'எம்.எஸ். இன் ஆக்குபேஷனல் தெரபி', 'ஓ.டி.டி.' என்று பெயர்கள் பலவாக இருக்கும். பெயரை விட்டுவிடலாம். அதன் பக்கத்தில் 'என்ட்ரி லெவல்' என்று இருக்கிறதா, 'போஸ்ட் புரொஃபஷனல்' என்று இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

என்ட்ரி லெவல் என்பது இன்னும் தெரபிஸ்ட் ஆகாதவர்களுக்கானது. ஏதாவது ஒரு இளங்கலைப் பட்டம், கூடவே சில முன்தேவைப் பாடங்கள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் ஓ.டி. ஆவதற்கு இளங்கலைப் படிப்பு போதாது. 2007-லிருந்து முதுகலை அளவுதான் நுழைவாயில். ஏ.சி.ஓ.டி.இ. என்ற அமைப்பு அங்கீகரித்த என்ட்ரி லெவல் படிப்பை முடித்தால், என்.பி.சி.ஓ.டி. என்ற தேசியத் தேர்வை நேராக எழுதலாம். தேர்ச்சி பெற்றால் அந்தந்த மாநிலத்தில் உரிமம்.

போஸ்ட் புரொஃபஷனல் என்பது ஏற்கெனவே தெரபிஸ்டாக இருப்பவர்களுக்கான மேற்படிப்பு. பி.ஓ.டி. முடித்த இந்திய மாணவர்கள் அதிகம் போவது இந்த வழியில். காலம் குறைவு, செலவும் பெரும்பாலும் குறைவு. ஆனால் இந்தப் பட்டம் மட்டும் யாரையும் தேர்வுக் கூடத்துக்குள் விடாது. வெளிநாட்டில் அடிப்படை ஓ.டி. கல்வி பெற்றவர் என்பதால் அவருடைய இந்தியப் படிப்பை என்.பி.சி.ஓ.டி. தனியாக எடுத்து ஆராயும். 'ஓ.டி.இ.டி.' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தத் தகுதி ஆய்வைத் தாண்டினால்தான் ஹால் டிக்கெட்.

இதில் குழம்புகிறவர்கள் இரண்டு ரகம். பி.எஸ்சி. சைக்காலஜி முடித்தவர் போஸ்ட் புரொஃபஷனல் படிப்புக்கு விண்ணப்பித்து, கட்டணத்தையும் கட்டிவிட்டு, "நீங்கள் ஓ.டி. இல்லையே" என்ற பதிலைப் பெறுவது ஒன்று. இதில் நஷ்டம் விண்ணப்பக் கட்டணத்தோடு போகும். மற்றது பி.ஓ.டி. முடித்தவர் போஸ்ட் புரொஃபஷனல் படிப்பில் சேர்ந்து, பட்டம் வாங்குகிற நேரத்தில்தான் ஓ.டி.இ.டி. என்று ஒன்று இருப்பதைத் தெரிந்துகொள்வது. இதுதான் கையைச் சுடும்.

புதிதாக வருபவர்களுக்கு

முதலில் முன்தேவைப் பாடங்கள். மனித உடற்கூறியல், உடலியங்கியல் இரண்டு பருவம் லேபோடு, புள்ளியியல், அப்நார்மல் சைக்காலஜி, வளர்ச்சி உளவியல், சமூகவியல் அல்லது மானுடவியல் என்று பட்டியல் பொதுவாகப் போகும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும். எத்தனை ஆண்டுக்குள் படித்திருக்க வேண்டும், குறைந்தபட்ச கிரேடு என்ன, ஆன்லைன் லேப் செல்லுமா என்பதெல்லாம் அவரவர் விதி.

இந்திய மாணவர் தடுக்கி விழுவது இங்கேதான். அமெரிக்க மாணவர் இளங்கலையிலேயே இஷ்டத்துக்கு ஒரு உடற்கூறியல், ஒரு உளவியல் என்று எடுத்துக்கொள்ள முடியும். நம் ஊர் பி.இ., பி.காம். பாடத்திட்டத்தில் அதற்கு இடமே இல்லை. இன்ஜினியருக்குப் புள்ளியியல் இருக்கும், உடற்கூறியல் இருக்காது. பி.எஸ்சி. சைக்காலஜிக்கு உளவியல் இரண்டும் இருக்கும், லேபோடு இரண்டு பருவ உடற்கூறியல் இருப்பது அபூர்வம். இதை அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ் போன்ற இடங்களில் தனியாகப் படித்து முடிக்க வேண்டியிருக்கும். ஆக, "அடுத்த செப்டம்பரில் சேர்ந்துடலாம்" என்ற கணக்கு பெரும்பாலும் ஒரு வருடம் தள்ளிப்போகும். இதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டவர்கள் பதறாமல் விண்ணப்பிக்கிறார்கள்.

அடுத்தது ஓ.டி.காஸ். பல என்ட்ரி லெவல் படிப்புகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் மையத் தளம் இது. வழக்கமாக ஜூலை நடுவில் புதிய சுற்று திறக்கும். பல இடங்களில் விண்ணப்பம் வர வர முடிவெடுப்பார்கள். கடைசித் தேதி ஜனவரி என்று போட்டிருந்தாலும், அதற்குள் பாதி இடங்கள் நிரம்பியிருக்கலாம். கடைசி நாள் இரவு 11 மணிக்கு அப்லோடு செய்யும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே உதவாது.

மதிப்பெண் பட்டியலை ஸ்கேன் செய்து ஏற்றினால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். டபிள்யூ.இ.எஸ். போன்ற மதிப்பீட்டு நிறுவனத்திடம் பாடவாரியாக மதிப்பீடு வாங்க வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகமே நேரடியாக ஆவணம் அனுப்ப வேண்டும். தேர்வுப் பிரிவு கவுன்ட்டரில் சலான் கட்டி, ரசீதைக் காட்டி, "அடுத்த வாரம் வாங்க" என்பதை மூன்று முறை கேட்டு வந்தவர்களுக்கு இதன் கால அளவு தெரியும். முதலில் தொடங்க வேண்டிய வேலை இதுதான், கடைசியில் அல்ல. பல இடங்களில் 4-க்கு 3.0 ஜி.பி.ஏ. கேட்பார்கள். 62 சதவீதம் என்றதும் மனம் தளர வேண்டாம். சதவீதத்தை அப்படியே நான்கால் பெருக்கி ஜி.பி.ஏ. ஆக்குவதில்லை, மதிப்பீட்டில் அது வேறு கணக்காக வரும்.

ஜி.ஆர்.இ. தேர்வைப் பல படிப்புகள் கைவிட்டுவிட்டன. "எதற்கும் எழுதி வைப்போம்" என்று ஆறு மாதம் அதில் போடுவதைவிட, தேர்ந்தெடுத்த பட்டியலில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது மேல்.

மாஸ்டர்ஸா, ஓ.டி.டி.யா என்ற குழப்பமும் உண்டு. 2027-க்குள் எல்லோரும் முனைவர் அளவிலான ஓ.டி.டி.தான் படிக்க வேண்டும் என்று 2017-ல் ஓர் அறிவிப்பு வந்தது. பெரிய எதிர்ப்புக்குப் பிறகு அது விலக்கிக்கொள்ளப்பட்டது. இப்போது இரண்டுமே செல்லும். தேர்வும் ஒன்று, உரிமமும் ஒன்று. இரண்டிலும் குறைந்தது 24 வாரம் முழுநேர மருத்துவக் களப்பயிற்சி உண்டு. ஓ.டி.டி.யில் அதற்கு மேல் 14 வாரக் கேப்ஸ்டோன். "டாக்டர்" என்ற அடைமொழிக்காக மட்டும் கூடுதல் கடன் வாங்குவது சரியான முடிவாகத் தெரியவில்லை. ஆசிரியப் பணி, ஆராய்ச்சி என்று இலக்கு இருந்தால் கதை வேறு.

இன்னொன்று, புதிதாகத் தொடங்கிய கல்லூரிகள். 'கேண்டிடேட்' நிலையில் இருக்கும் படிப்பு மாணவர்களைச் சேர்க்கலாம். ஆனால் அதற்கு முழு அங்கீகாரம் கிடைத்தால்தான் அதன் பட்டதாரிகள் தேர்வு எழுத முடியும். பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த வரியைத் தேடிப் படிப்பது அவசியம்.

பார்த்ததை எழுதுங்கள்

பல பல்கலைக்கழகங்கள் ஒரு தெரபிஸ்டின் பக்கத்தில் இருந்து வேலையைக் கவனித்த மணிநேரக் கணக்கைக் கேட்கும். கட்டாயமாகக் கேட்காத இடத்திலும் இது பயன்படும், விண்ணப்பத்துக்காக மட்டுமில்லை. ஒரு வாரம் குழந்தைகள் பிரிவில் உட்கார்ந்தாலே இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். ஒரே குழந்தை ஒரே பட்டனை 40 நாள் போட முயல்வதைப் பார்க்கும் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை. அது குற்றமும் இல்லை.

அப்படிப் பார்த்ததுதான் பர்சனல் ஸ்டேட்மென்ட்டுக்கு மூலதனம். "சிறு வயதிலிருந்தே பிறருக்குச் சேவை செய்ய ஆசை" என்று தொடங்கும் கடிதங்களைத் தேர்வுக் குழு நிறையவே படித்திருக்கும். அதைவிட இது எவ்வளவோ பேசும்: இடுப்பு எலும்பு முறிந்து தேறிய ஒரு பாட்டி, வாக்கர் பிடித்து நன்றாக நடக்கிறார். ஆனால் வாசலில் குனிந்து கோலம் போட முடியவில்லை. தெரபிஸ்ட் அவரிடம் "எந்த வேலையைத் திரும்பச் செய்யணும்னு ஆசை?" என்று கேட்டார். தாழ்வான முக்காலி ஒன்றைப் போட்டு உட்காரவைத்து, உடம்பை அளவுக்கு மீறி வளைக்காமல் புள்ளி வைக்கப் பழக்கினார். இதில் நோயாளியின் விருப்பம், உடலின் எல்லை, சூழலை மாற்றுவது என்று இந்தத் துறையின் அடிப்படைகள் எல்லாம் வந்துவிடுகின்றன. கையால் சாப்பிடுவது, தரையில் சம்மணமிடுவது, இந்தியக் கழிப்பறையில் குந்துவது போன்றவை அமெரிக்கப் பேராசிரியருக்குப் புதிய செய்தி. தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்பவரின் பலம் அதில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தின் வாக்கியங்களைத் தைப்பவர்கள் தங்கள் கையில் இருப்பதைத் தாங்களே கீழே போடுகிறார்கள்.

பரிந்துரைக் கடிதம் தனிக் கதை. "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்து போடுறேன்" என்பது நம் கல்லூரிகளின் வழக்கம். ஓ.டி.காஸில் அது நடக்காது. பரிந்துரைப்பவரின் மின்னஞ்சலுக்கே இணைப்பு போகும். அவரே உள்ளே போய், கேள்விகளுக்கு மதிப்பெண் போட்டு, கடிதத்தை ஏற்ற வேண்டும். ஒருவராவது ஓ.டி.யாக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். ஆகவே பேராசிரியரிடம் இரண்டு மாதம் முன்பே பேசி, தன்னைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்துவிட்டு, மெயில் ஸ்பாமில் விழுந்ததா என்று மரியாதையாக ஞாபகப்படுத்துவதும் விண்ணப்ப வேலையில் சேர்த்திதான்.

பி.ஓ.டி. முடித்தவர்களுக்கு

கோவையில் பி.ஓ.டி. முடித்த ஒருவர், அமெரிக்காவில் ஒன்றரை ஆண்டு போஸ்ட் புரொஃபஷனல் மாஸ்டர்ஸில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டம் வந்த பிறகு எஃப்-1 விசாவில் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி 12 மாதம் கிடைக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த நண்பருக்கு மேலும் 24 மாத நீட்டிப்பு உண்டு. ஓ.டி. அந்த 'ஸ்டெம்' பட்டியலில் இல்லை, அதனால் நீட்டிப்பும் இல்லை. அந்த 12 மாதத்திலும் மொத்தமாக 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. உரிமம் இல்லாமல் ஓ.டி.யாக வேலை செய்யவும் முடியாது. ஓ.டி.இ.டி. முடியாமல் தேர்வு எழுத முடியாது, தேர்வு எழுதாமல் உரிமம் இல்லை. படிப்பு முடிந்த பிறகு ஆவணம் திரட்டத் தொடங்கினால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

எனவே ஓ.டி.இ.டி.க்குத் தேவையான பெரும்பாலான காகிதங்களை விமானம் ஏறும் முன்பே தயார் செய்ய வேண்டும். இந்தியக் கல்லூரியே நேரடியாக அனுப்ப வேண்டிய ஆவணங்கள் அதில் உண்டு. பாடத்திட்ட விவரம், களப்பயிற்சி மணிநேரம் எல்லாம் கேட்பார்கள். இங்கேதான் அந்த உலகக் கூட்டமைப்பு மறுபடி வருகிறது. படித்த கல்லூரிக்கு, படித்த ஆண்டுகளில், அதன் அங்கீகாரம் இருந்ததா? கூட்டமைப்பின் குறைந்தபட்சத் தரத்தில் 1,000 மணிநேரக் களப்பயிற்சி உண்டு. அது எழுத்தில் பதிவாகியிருக்கிறதா? பயிற்சி லாக் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட்டவர்கள் இந்த இடத்தில் வருத்தப்படுவார்கள். துறைத் தலைவர் மாறுவதற்குள், பழைய பாடத்திட்ட நகலில் முத்திரை வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணிலும் ஒரு சிக்கல். சேர்க்கைக்குப் போதுமான மதிப்பெண் உரிமத்துக்கும் விசாவுக்கும் போதும் என்று நினைக்கக் கூடாது. அங்கே பேச்சுப் பகுதிக்குத் தனியாக, கறாராக ஒரு அளவு இருக்கிறது. ஹெச்-1பி அல்லது கிரீன் கார்டு என்று வரும்போது, மருத்துவத் துறைப் பணியாளர்களுக்கான தனிச் சான்றிதழும் கட்டாயம். அந்தப் பட்டியலில் ஓ.டி. இருக்கிறது. ஆனால் நர்ஸ்களுக்கும் பிசியோதெரபிஸ்ட்களுக்கும் கிரீன் கார்டில் கிடைக்கும் 'ஷெட்யூல் ஏ' சலுகையில் ஓ.டி. இல்லை. பிசியோ நண்பரின் அனுபவத்தை வைத்துக் கணக்குப் போடும் பலரும் ஏமாறுவது இதில்தான்.

சில பி.ஓ.டி. பட்டதாரிகள் வேண்டுமென்றே என்ட்ரி லெவல் படிப்புக்கே விண்ணப்பிக்கிறார்கள். தெரிந்த பாடத்தையே மறுபடி படிக்க வேண்டும், கட்டணமும் அதிகம். பதிலுக்கு ஓ.டி.இ.டி. தொல்லை இல்லாமல் நேராகத் தேர்வு எழுதலாம். ஏற்கெனவே ஓ.டி.யாக இருப்பவரை எல்லாப் பல்கலைக்கழகமும் இதில் சேர்க்காது என்பதால் முதலில் கேட்டுவிடுவது நல்லது.

அமெரிக்காவில் ஓ.டி.களின் நடு ஊதியம் 2023 மே மாத அரசுக் கணக்கில் ஆண்டுக்கு சுமார் 96,000 டாலர். கவர்ச்சியான எண். ஆனால் அது உரிமம் கையில் இருப்பவரின் எண். வங்கியில் 7.5 லட்சம் ரூபாயைத் தாண்டும் கல்விக் கடனுக்குப் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். அப்பாவின் வீட்டுப் பத்திரம் உள்ளே போகிறது என்றால், உரிமம் கிடைக்கும் வழி காகிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

அமெரிக்கா மட்டும்தானா?

இல்லை. பிரிட்டனில் பி.ஓ.டி. முடித்தவர் மாஸ்டர்ஸ் படிக்காமலே ஹெச்.சி.பி.சி. பதிவுக்கு நேராக விண்ணப்பிக்கலாம். ஏஜென்ட்கள் இதைச் சொல்வதில்லை. அவர்களுக்குக் கமிஷன் வருவது கல்லூரிச் சேர்க்கையில். வேறு துறைப் பட்டதாரிகளுக்கு அங்கே 'பிரீ-ரெஜிஸ்ட்ரேஷன்' எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு. 'அட்வான்ஸ்டு' என்று தொடங்கும் எம்.எஸ்சி.யை வேறு துறையினர் எடுத்தால் பதிவு கிடைக்காது. ஆஸ்திரேலியா, கனடாவிலும் வெளிநாட்டு ஓ.டி.களின் தகுதியை ஆராயத் தனி அமைப்புகள் உண்டு. கனடாவில் அதற்குப் பிறகு தேசியத் தேர்வும் இருக்கிறது.

இந்தியாவில் எம்.ஓ.டி. இரண்டு ஆண்டு. பி.ஓ.டி. இருந்தால் மட்டுமே சேர முடியும், வேறு துறையினருக்கு வழியில்லை. நரம்பியல், எலும்பியல், குழந்தைகள் நலம், மனநலம், கை மறுவாழ்வு என்று சிறப்புப் பிரிவுகள் உண்டு. ஒடிசாவில் ஓலட்பூரில் உள்ள தேசிய நிறுவனம், கொல்கத்தாவில் உள்ள தேசிய நிறுவனம் இரண்டும் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கின்றன. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டத்தின் கீழ் ஓ.டி.யும் வருவதால், மாநிலப் பதிவு இனி முக்கியமாகும். வெளிநாடு போகும் எண்ணம் பின்னால் வந்தாலும் இந்தப் பதிவும் எம்.ஓ.டி.யும் வீண் போகாது. தகுதி ஆய்வில் முதுகலை அளவிலான ஓ.டி. படிப்பு ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கும்.

எந்தப் பக்கம் போவதாக இருந்தாலும், விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் அந்தப் படிப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு நான்கு வரி மெயில் போதும். என் பட்டம் இது, படித்த ஆண்டுகள் இவை. உங்கள் படிப்பு என்ட்ரி லெவலா, போஸ்ட் புரொஃபஷனலா? இதை முடித்தால் நான் என்.பி.சி.ஓ.டி. தேர்வை நேராக எழுதலாமா, தனித் தகுதி ஆய்வு வேண்டுமா? என்னைப் போல இந்தியாவிலிருந்து வந்தவர்கள் முன்பு என்ன செய்தார்கள்? பதில் வந்ததும் அதை பி.டி.எஃப். ஆகச் சேமித்து, லாக் புத்தகம் இருக்கும் அதே ஃபைலில் வைத்துக்கொள்ளலாம்.